சின்ன மாமா சட்டென்று எழுந்த நாள்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் அறை ஒரு பக்கமாகச் சாய்வதும், கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறப்பதும், அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றால் எல்லாம் பழையபடி நேராவதும் சில வாரங்களாக நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்ல ஐயா. எந்திரிக்கும்போது பைய எந்திரிங்க. கால தொங்கப் போட்டு செத்த நேரம் உக்காந்துட்டு அப்புறமா நில்லுங்க" என்றார். சீட்டில் எழுதிக்கொண்டே, "ஒங்க வீட்டுல முன்னாடி யாருக்காவது இப்பிடி இருந்திருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

கேட்டவர் மருத்துவர். கேட்டது சாதாரணக் கேள்வி. உண்மையைச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இருந்தும் வாய் தானாக இல்லை என்றது. ஒன்பது வயதில் சொல்லப் பழகிய பதில் எழுபத்தாறு வயதிலும் அதே இடத்தில் தயாராக இருந்திருக்கிறது. ஆட்டோவில் திரும்பும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இருந்தது. என் சின்ன மாமாவுக்கு இருந்தது. அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு மூன்று வயது இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். சேரன்மாதேவிக்கு மேற்கே, தாமிரபரணியை ஒட்டிய ஊர். வீட்டில் பெரிய மாமா, பெரிய மாமி, சின்ன மாமா மூவரும் இருந்தார்கள். மாமாக்கள் இருவருக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். பெரிய மாமா வீட்டையும் வயலையும் மட்டுமல்ல, ஊரையே தன் தலையில் தாங்குகிறவர்போல முகத்தை வைத்திருப்பார். பெரிய மாமிக்கு மூன்று தடவை கரு உண்டாகி மூன்றும் தங்கவில்லை. தாயில்லாத சின்ன மாமாவை அவருடைய ஐந்து வயதிலிருந்து வளர்த்தவள் அவள்தான். தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அவரைப் பற்றிப் பேசுவாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது சின்ன மாமாவுக்கு இருபத்திரண்டு வயது. நல்ல உயரம், உடம்பில் சதை என்று ஒன்று கிடையாது. தெருவில் அவருக்கு ஒட்டடைக்கம்பு என்று பெயர். அம்பாசமுத்திரத்துக்குச் சைக்கிளில் போய் டைப்ரைட்டிங் படித்துவந்தார். வீட்டில் மெஷின் ஏது? சாயங்காலம் ஆற்று மணலில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து என் முதுகில் அடித்துப் பழகுவார். பத்து விரலும் தோளிலிருந்து இடுப்பு வரை ஓடும். ஒரு வரி முடிந்ததும் என் காதைப் பிடித்து அந்தப் பக்கம் இழுப்பார். மெஷினில் உருளையை இழுப்பது அப்படித்தானாம். "என்ன அடிச்சேன், சொல்லு பாப்போம்" என்பார். நான் எது சொன்னாலும், "ஒரு எழுத்து தப்பு மருமவனே" என்று அடித்ததை அழிப்பதற்காக இன்னொரு தடவை அடிப்பார். ஈர மணலின் குளிர்ச்சி வயிற்றிலும் அந்த விரல்கள் முதுகிலுமாகப் படுத்துக் கிடந்த சாயங்காலங்களைப்போல ஒன்று பிறகு என் வாழ்க்கையில் அமையவில்லை.

அந்த ஆற்றங்கரையில்தான் அதை முதலில் பார்த்தேன். படித்துறையில் குத்தவைத்துத் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார். கையில் சோப்பு நுரையோடு ஒரு வேட்டி. அப்படியே நின்றார். விழி மேலே செருகியது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. இரண்டு எட்டு தடுமாறி, ஒரு மருத மரத்தின் வேரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன மாமா, நாடகமா?" என்றேன்.

"நாடகமில்லலே. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. பத்து எண்ணுனா சரியாயிரும்."

"எதுக்கு இருட்டுது?"

"எனக்குத் தலை ரொம்ப உசரத்துல இருக்குல்லா. ரத்தம் படியேறி வர நேரமாவுது" என்றார். முகம் வெளிறிப்போயிருந்ததால் அந்த வேடிக்கைப் பேச்சு அவருக்குப் பொருந்தவில்லை. சிறிது நேரம் கழித்து என்னைப் பக்கத்தில் இழுத்து, "ஒங்க அம்மைட்ட சொல்லிராத. மதினிட்ட மூச்சு விடாத. கஷாயம் வச்சே என்னக் கொன்னுருவாக" என்றார்.

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. தரையில் இலை போட்டுச் சாப்பிட உட்காரும்போது அவருக்கு இடப்பக்கம் நான் உட்காருவேன். சாப்பிட்டு எழும்போது என் தோளில் கையை வைத்து எழுவார். நான் மனசுக்குள் பத்து எண்ணுவேன். பத்து முடிந்ததும் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கை கழுவப் போவார். பார்க்கிறவர்களுக்கு மாமாவும் மருமகனும் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று மட்டும் தெரியும். அவ்வளவு உயரமான மனிதர் விழாமல் இருப்பதற்கு நான் காரணம் என்ற பெருமை எனக்கு. வகுப்பில் கணக்குக்கு வாங்கிய பூஜ்யங்களை அந்தப் பெருமையில்தான் மறந்தேன்.

பங்குனி மாதம் அவருக்குப் பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. போய்ச் சேர்ந்ததும் அங்கே டாக்டர் ஒருவர் உடம்பைப் பார்ப்பார், அவர் சரியென்றால் வேலை நிச்சயம் என்று அதில் இருந்தது. மாமா எனக்கு மட்டும் அந்த வரியைத் தமிழில் சொல்லி, "இப்ப தெரியுதாலே, ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு? அங்கன டாக்டர் வாறப்ப நான் பைய எந்திரிச்சிருவேன்" என்றார். பெரிய மாமா நான்கு நாள் பேசாமல் இருந்துவிட்டு, "கொடை முடிஞ்சு போ" என்று அனுமதி கொடுத்தார். சித்திரைக் கடைசி வெள்ளி எங்கள் குலசாமிக்குக் கொடைத் திருவிழா; ஞாயிறு ரயில். மாமா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் நான் அழவில்லை. அழுதால் சமாதானப்படுத்துவார்கள், அதோடு அது முடிந்துபோகும்.

எங்கள் கொடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்து மாடன் ஆற்றங்கரை மருதந்தோப்பில் இருக்கிறார். உருவம் கிடையாது, வெள்ளையடித்த ஒரு பீடம் மட்டும். மற்ற மாடன்களுக்கு ஆடு, கோழி எல்லாம் உண்டு. எங்கள் மாடன் எங்களைப்போலவே சைவம். பொங்கலும் வடையும் பழமும்தான். ஆனாலும் கோபத்தில் மற்றவர்களுக்குக் குறைந்தவர் இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அம்மாவின் சித்தப்பா, அதாவது என் சின்னத் தாத்தாதான் அவருக்குச் சாமியாடி. கொடையில் நண்பகல் பூசையின்போது மேளம் உச்சத்துக்குப் போக, சாமி அவர்மேல் இறங்கும். அவர் காலில் விழுந்து குறையைச் சொல்லி வாக்குக் கேட்பார்கள். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியும் சாமி வேறு யார்மேலும் இறங்கவில்லை. ஆடும்போது அவர் இடுப்பில் கட்டும் கச்சையும் சல்லடமும், கையில் பிடிக்கும் வல்லயமும் ஒரு டிரங்குப் பெட்டியில் காத்திருந்தன. மேளக்காரர்கள் கை ஓய அடித்துவிட்டு, வடையைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

முந்தின வருடம் மட்டும் திசையன்விளையில் கடை வைத்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஆடினார். அரைக் கண்ணைத் திறந்து யார் யார் கும்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஆடினார். வந்தது சாமிதானா என்று பார்க்க உள்ளங்கையில் சூடம் ஏற்றுவது எங்கள் வழக்கம். பெரிய மாமா சூடத்தை வைத்துப் பற்றவைத்ததும் அவர், "ஏ, சுடுது வே" என்று உதறிவிட்டு நேராக ஆற்றில் இறங்கிவிட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மாமி மட்டும் சிரிக்கவில்லை.

இந்தத் தடவை கொடைக்கு எட்டு நாள் இருக்கும்போது, அடுக்களையில் மாமியும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருசமாவது யார் மேலயாவது எறங்கணும்ட்டி. என் கொறையக் கேட்டுருவேன்" என்றாள் மாமி.

"எறங்குனா அவன் பாடு அவ்வளவுதான் மதினி" என்றாள் அம்மா. "செவ்வாயும் வெள்ளியும் அவன் கையாலல்லா வெளக்கு ஏத்தணும். சித்தப்பா திருச்செந்தூர் போனாக்கூட ராத்தங்க மாட்டாக. ஊர விட்டு நவுர முடியுமா?"

முறுக்கு எடுக்கப் போன நான் எடுக்காமலே திரும்பினேன். விளையாட்டுப் புத்தியில் செய்துவிட்டேன் என்று இங்கே எழுதிவிடலாம். ஒன்பது வயதுப் பையன் என்று படிக்கிறவர்களும் மன்னித்துவிடுவார்கள். ஆனால் அது உண்மையில்லை. எட்டு நாள் யோசித்தேன். சாமி வந்த மனிதர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். சின்னத் தாத்தாவைப் பார்த்திருக்கிறேன். விழி மேலே செருகும். உடம்பு முன்னும் பின்னும் ஆடும். இரண்டு எட்டு தடுமாறுவார். அதையே வேறு ஒருவரிடமும் பார்த்திருந்தேன்.

கொடை நாள் வந்தது. சித்திரை வெயில், ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பூசை முடியும் வரை யாருக்கும் ஆகாரம் கிடையாது. பீடத்துக்கு முன்னால் சந்தனக் கல்லைப் போட்டு, சின்ன மாமா காலையிலிருந்து குத்தவைத்துச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார். ஆண்கள் எல்லோரும் வெற்று மேலோடு இருந்தார்கள். அவருடைய சட்டை ஆற்றுப் பக்கம் ஒரு தாழ்ந்த கிளையில் தொங்கியது, பையில் கடிதம். உச்சிப் பொழுது நெருங்கியதும் மேளம் கூடிக்கொண்டே போனது. பக்கத்தில் இருக்கிறவர் பேசினால் காதில் விழாது. பெரியவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்கள், யார்மேல் வருகிறது என்று.

நான் மாமாவின் பின்னால் போய்க் காதோடு வாயை வைத்துச் சொன்னேன்: "மாமா, ஒங்க சட்டை ஆத்துல போவுது. லெட்டர் அதுலதான இருக்கு."

அவர் எழுந்த வேகம் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. குத்தவைத்திருந்த அவ்வளவு உயரமும் ஒரே எழும்பில் நிமிர்ந்தது. ஆற்றைப் பார்த்துத் திரும்பினார். அங்கேயே நின்றார். விழி செருகியது. ஆடினார். இடது கை மட்டும் காற்றில் நீண்டு எதையோ தேடியது. என் தோளைத்தான் தேடியது. அது எனக்குத் தெரியும். நான் ஓர் எட்டு பின்னால் நகர்ந்துகொண்டேன்.

பொய் சொன்னதை ஒருவேளை மறந்திருப்பேன். அந்த ஓர் எட்டை என்னால் மறக்க முடியவில்லை.

மாமா தடுமாறிப் பீடத்தின்மேல் போய் விழுந்தார். முதலில் குலவையிட்டது என் அம்மாதான். அதன் பிறகு தோப்பு முழுக்கக் குலவை. மேளக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு மூன்று வருடத்து அடியையும் சேர்த்து அடித்தார்கள். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் கொட்டினார்கள். பெரிய மாமா பெட்டியைத் திறந்து கச்சையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

தண்ணீர் பட்டதும் சின்ன மாமாவுக்குத் தெளிந்துவிட்டது. கண் நிலைகொண்டதை நான் பார்த்தேன். அவர் முதலில் பார்த்தது கிளையை. சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து என்னைப் பார்த்தார். அதற்கு அடுத்து வேறெங்கும் பார்க்க முடியாமல் பெரிய மாமி அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அய்யா, என் மடியப் பாருமய்யா. மூணையும் எடுத்துக்கிட்டீரே. இனியாவது ஒண்ணு தங்குமா?"

ஐந்து வயதிலிருந்து தனக்குச் சோறு ஊட்டியவள் தன் காலில் கிடப்பதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மேளம் நின்றுவிட்டது. எல்லோரும் வாக்குக்காகக் காத்திருந்தார்கள். பெரிய மாமா, ஒரு நாளும் தம்பியிடம் அன்பாக ஒரு சொல் பேசாதவர், கைகூப்பி, "சாமி, கைய நீட்டும்" என்றார்.

சின்ன மாமா கையை நீட்டினார். சூடத்தை வைத்துப் பற்றவைத்தார்கள். ஓர் உதறு உதறினால் போதும், சாமி இல்லை என்று ஆகிவிடும், ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குப் போய்விடுவார். எனக்கே அந்தக் கணத்தில் அவர் உதறினால் நல்லது என்று இருந்தது. சூடம் எரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கூட மடங்கவில்லை. முழுக்க எரிந்து அணைந்த பிறகு, அதே கையால் திருநீற்றை எடுத்து மாமியின் நெற்றியில் பூசி, "தங்கும்" என்றார்.

அதைக் கண்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. வெறும் மயக்கமென்றால் கை சுட்டிருக்குமே. நான் பொய் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் வந்தது மெய்யாகவே மாடன்தான் என்று முடிவுசெய்துகொண்டேன். தெய்வமே என் பக்கம் என்ற தைரியத்தில் அன்று பதினொரு வடை தின்றேன்.

சாயங்காலம் மாமா கிளையிலிருந்து சட்டையை எடுத்தார். வலது உள்ளங்கையில் வாழைச்சாறு தடவித் துணி சுற்றியிருந்ததால் இடது கையால் எடுத்தார். என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "சட்டை நனையவே இல்லியே மருமவனே" என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அன்றோடு அவர் என்னை மருமவனே என்று கூப்பிடுவதும் நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை ரயில் அவர் இல்லாமல் போயிற்று. வர இயலவில்லை என்று அவர் எழுதிய கடிதத்தைப் பெரிய மாமாவே தபாலில் சேர்த்தார். நான் நினைத்ததுபோல மாமா ஊரில்தான் இருந்தார். ஆனால் எனக்கு இல்லை. சாமி வந்த உடம்பு என்று தனி அறை, தனி இலை. ஒட்டடைக்கம்பு என்று கத்திய பையன்கள் தெருவில் ஒதுங்கி நின்றார்கள். பெரிய மாமா அவர் எதிரில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒருநாள் ஆற்று மணலில் நானாகப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டு காத்திருந்தேன். விளக்கு ஏற்றத் தோப்புக்குப் போகிற வழியில் அவர் என்னைப் பார்த்தார். சிறிது நின்றார். பிறகு, "எந்திரி, மேலெல்லாம் மண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு எப்படி எழுந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

ஐப்பசியில் பெரிய மாமி முழுகாமல் இருந்தாள். நான்காம் மாதம் தாண்டியது, ஐந்தாம் மாதம் தாண்டியது. முன்பு ஒரு தடவைகூட அவ்வளவு தூரம் வந்ததில்லை. பெரிய மாமா சிரித்ததை அந்த நாட்களில்தான் பார்த்தேன். பல்வரிசை நன்றாகவே இருந்தது. ஆடியில் பெண் பிறந்தாள். இன்று அவள் திருநெல்வேலியில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள்.

சின்ன மாமா ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார். காலில் தெம்பு இருந்த வரைக்கும் ஒவ்வொரு கொடைக்கும் இருபத்தொரு நாள் விரதம் இருந்து ஆடினார். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், ஊர் ஊராக மாற்றலானேன். பம்பாயிலும் நாலு வருடம் இருந்தேன். அங்கிருந்து முதல் தடவை ஊருக்கு வந்தபோது மாமா எனக்குத் திருநீறு பூசிவிட்டு, "அங்கன மழை எப்பிடிலே பெய்யும்?" என்று கேட்டார். சொன்னேன். ரயிலில் எவ்வளவு கூட்டம் இருக்கும், எந்நேரமும் தெருவில் விளக்கு எரியுமா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. திருநீறு பூசுகிற கைக்குக் கீழே தலையைக் குனிந்து நிற்கும்போது அது வாயில் வரவில்லை. அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிப்போட்டேன். அவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது இதைவிடக் கனமானது. மாமி வயிற்றில் பிள்ளையோடு இருந்த அந்த அடுத்த வருடத்துக் கொடை.

பிள்ளைத்தாய்ச்சி மாடன் கோயிலுக்குள் வரக் கூடாது. மாமி கேட்கவில்லை. தோப்புக்கு வெளியே, வயல் பாதையில் வில்வண்டியை நிறுத்தி அதற்குள் உட்கார்ந்துகொண்டாள். சாமி வந்து ஆடினால்தான் பிள்ளை பிழைக்கும் என்று அவளுக்குள் ஊறிவிட்டது. ஆறு மாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, "ஏலே, சாமி வந்துட்டாரான்னு பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினாள்.

ஓடினேன். சின்ன மாமா கச்சை கட்டிக்கொண்டு, சந்தனக் கல்லுக்கு முன்னால் குத்தவைத்திருந்தார். விரதத்தில் இன்னும் மெலிந்திருந்தார். மேளம் உச்சத்தில் இருந்தது. சாமி வரவில்லை. திரும்பி ஓடிப்போய், "இன்னும் இல்ல மாமி" என்றேன்.

"நல்லாப் பாத்தியா? போ, இன்னொருக்கப் பாரு."

மறுபடியும் ஓடினேன். மேளக்காரர்களுக்கு வியர்வை சொட்டியது. பெரிய மாமா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சின்ன மாமா அசையவில்லை. திரும்பி வந்து இல்லை என்று தலையாட்டினேன். மாமியின் முகம் சுருங்கியது. "அய்யா, கைவிட்டுட்டீரா" என்று வயிற்றைப் பார்த்துச் சொன்னாள். அழுதுகொண்டே திரும்பவும் என்னைத் தள்ளினாள்.

மூன்றாம் தடவை நான் போனபோது சின்ன மாமா தலையைத் தூக்கி வண்டி நின்ற திசையைப் பார்த்தார். பிறகு அவ்வளவு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். ஒரு வருடமாக என்னை நேராகப் பார்க்காதவர், கண்ணை எடுக்காமல் பார்த்தார். உதடு வறண்டு வெளுத்திருந்தது. ஏதோ கேட்பதுபோல இருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். மாமா என்னிடம்தான் கேட்கிறார். பக்கத்தில் கிடந்த செம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் பறந்தேன். படித்துறையில் குனிந்து மொண்டுவிட்டு நிமிர்ந்தபோது மரங்களுக்கு நடுவே அவரைப் பார்த்தேன். தலையை முழங்காலுக்குள் ஆழமாகக் கவிழ்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். பிறகு ஒரே எழும்பில் நிமிர்ந்தார். விழி செருகியது. குலவை கிளம்பியது.

செம்பை அங்கேயே போட்டுவிட்டு வண்டிக்கு ஓடி, "வந்துட்டு மாமி, வந்துட்டு" என்றேன். அவள் என் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள்.

அது எப்படி வருகிறது என்று அந்தத் தோப்பில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதைத் தானே வரவழைப்பதற்கு முன்னால் அவர் மற்றவனான என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லி என்னை விடுவி என்று கேட்டாரா, செய்யட்டுமா என்று கேட்டாரா, இரண்டும் இல்லாமல் நீயாவது இதைத் தெரிந்துவைத்துக்கொள் என்றாரா, இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை. மாமாவுக்குத் தாகம் என்று நினைத்தேன்.